முனைய மின்னஞ்சலில் விசைகளை மாற்றுவதா, பழகிக்கொள்வதா: அல்பைன், மட், ஏர்க் ஓர் ஒப்பீடு

முனையத்தில், அதாவது எழுத்துகள் மட்டுமே தெரியும் கட்டளைச் சாளரத்தில், இயங்கும் மின்னஞ்சல் நிரலான மட்டை முதன்முதலாகத் திறந்து நீண்ட கடிதம் ஒன்றைப் படிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். திரையில் தெரியும் பகுதியைப் படித்து முடித்ததும் அடுத்த வரிக்காகக் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துகிறார்கள். கடிதம் மேலே நகர்வதற்குப் பதிலாக அடுத்த கடிதம் திறந்துகொள்கிறது. மட்டின் இயல்பமைப்பில் அந்த விசைக்குப் பொருள் ‘நீக்கப்படாத அடுத்த கடிதத்துக்குச் செல்’ என்பதே. ஒரு வரி இறங்க என்டர் விசையும், ஒரு பக்கம் இறங்க இடைவெளி விசையும், ஒரு பக்கம் ஏறக் கழித்தல் குறியும் அங்கே உண்டு. இவற்றைப் பழகிக்கொள்வதா, அம்புக்குறியின் பொருளை மாற்றிவிடுவதா, அல்லது வேறொருவர் முழுமையாக மாற்றியமைத்த விசைத் தொகுப்பை அப்படியே எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி அந்த முதல் மணி நேரத்திலேயே எழுந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கான விடை, எந்த நிரலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலிருந்து பிரிக்க முடியாதது. ஏனெனில் முனையத்தில் இயங்கும் மின்னஞ்சல் நிரல்களுள் அல்பைன் விசைகளை ஏறத்தாழ மாற்றவே விடாது. மட் நிரலும் அதன் கிளையான நியோமட் நிரலும் எல்லாவற்றையும் மாற்ற விடும். ஏர்க் தன் விசைகள் அனைத்தையும் தனிக் கோப்பில் எழுதிக் கையில் கொடுத்துவிடும். எது வேகமானது என்பதைக் கொண்டு இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நான் வேறு ஓர் அளவுகோலைக் கொள்கிறேன்: விரல் பழக்கத்தில் ஒரு விசையைத் தவறாக அழுத்திவிட்டால், இழப்பது என்ன? கடிதத்தைத் திறக்க ஒரு நொடி கூடுதலாவது இழப்பே அன்று. ஒருவருக்கு மட்டும் எழுதிய பதில் எல்லாருக்கும் போய்விடுவதும், படிக்காத கடிதம் அழிந்துவிடுவதும்தான் இழப்பு.

முதலில் அல்பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் பைன் என்ற பெயரில் உருவாகத் தொடங்கிய நிரலின் வழித்தோன்றல் இது. 2007இன் இறுதியில் அல்பைனின் முதல் பதிப்பு வெளியாயிற்று. கணினியோடு பழக்கமில்லாத அலுவலகப் பணியாளர்களும் கையேடு பாராமல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்ததால், திரையின் அடியில் இரண்டு வரிகளில், அந்த நேரத்தில் எந்த விசை என்ன செய்யும் என்பது எப்போதும் எழுதப்பட்டிருக்கும். அவ்விரு வரிகளில் அடங்காத கட்டளைகளை ‘ஓ’ விசையை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். எழுதப்பட்டிருப்பதே நடக்கிறது என்ற உறுதி வேண்டுமானால், விசைகள் ஆளுக்கு ஆள் மாறாமலிருப்பது அதற்கு விலை. அந்த விலை கூடுதல் என்று நான் கருதவில்லை. ஒரே அலுவலகத்தில் பத்துப் பேர் அல்பைனைப் பயன்படுத்தினால், ஒருவர் மற்றவரின் இருக்கையில் அமர்ந்து ஐயமின்றி வேலை செய்யலாம். தொலைபேசியில் ‘டி விசையை அழுத்துங்கள்’ என்று சொன்னால் அது எல்லாத் திரையிலும் ஒன்றையே செய்யும்.

மாற்றவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. அமைப்புத் திரையில் சில கட்டளைகளை இயக்கவோ நிறுத்தவோ செய்யலாம்: கடிதத்துக்குக் கொடி இடுவது, வந்த கடிதத்தை அப்படியே மற்றொருவருக்குத் திருப்பிவிடுவது, பல கடிதங்களை ஒன்றாகத் தெரிவுசெய்து ஒரே கட்டளையை அவை அனைத்தின் மீதும் செலுத்துவது ஆகியவை அவற்றுள் அடங்கும். நிரல் திறந்தவுடன் தானாக அழுத்தப்பட வேண்டிய விசைகளின் வரிசையையும் கொடுத்து வைக்கலாம். நேராக உட்பெட்டியின் பட்டியலுக்குச் செல்ல விரும்புவோருக்கு அது போதும். எழுத்து விசைகளுக்குப் பதிலாக மேல் வரிசையிலுள்ள எஃப் விசைகளையே கட்டளைகளாகக் கொள்ளும் அமைப்பும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்வோருக்கு அது ஏன் முக்கியமாகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ‘டி’ விசைக்கு வேறு பொருள் கொடுப்பது, இரண்டு கட்டளைகளை ஒரே விசையில் கோப்பது போன்றவை அல்பைனில் இல்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது கடிதங்களைக் கையாள்பவருக்கு அவை தேவைப்படுவதும் இல்லை.

தேவை பிறப்பது நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து விழும் இடத்தில். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய மட் அத்தகையோருக்கான நிரல். இதன் விசை அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு கருத்தை மனத்தில் இருத்த வேண்டும்: மட்டில் ஒரு விசைக்குத் தன்னளவில் பொருள் இல்லை, அது அழுத்தப்படும் திரையைப் பொறுத்தே பொருள் அமைகிறது. கடிதங்களின் பட்டியல் ஒரு திரை, கடிதத்தைப் படிக்கும் இடம் ஒரு திரை, அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் இடம் ஒரு திரை, இணைப்புகளின் பட்டியல் ஒரு திரை, கோப்புறைகளைத் தேடும் இடம் ஒரு திரை, முகவரி போன்றவற்றை உள்ளிடும் ஒற்றை வரிகூட ஒரு திரை. இவற்றுக்குப் பின்னணியில் ‘ஜெனரிக்’ என்ற பொதுத் தொகுப்பு ஒன்று நிற்கிறது. ஒரு திரையில் ஒரு விசைக்குப் பொருள் சொல்லப்படவில்லை என்றால் மட் அந்தப் பொதுத் தொகுப்பைப் பார்க்கும். கடிதம் படிக்கும் திரையும் உள்ளீட்டு வரியும் மட்டும் இதற்கு விலக்கு. பொதுத் தொகுப்பில் ஒரு விசையை மாற்றிவிட்டுக் கடிதம் படிக்கும் திரையில் அது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

அமைவுக் கோப்பில் ‘பைண்ட்’ என்ற கட்டளைக்குப் பின் திரையின் பெயர், விசை, செயலின் பெயர் என்ற வரிசையில் எழுதினால் மாற்றம் முடிந்தது. மேலே சொன்ன அம்புக்குறிச் சிக்கலுக்கு இரண்டே வரிகள் போதும்: கடிதம் படிக்கும் திரையில் கீழ் அம்புக்குறிக்கு ‘அடுத்த வரி’, மேல் அம்புக்குறிக்கு ‘முந்தைய வரி’. இந்த மாற்றத்தை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்ற எல்லா நிரல்களும் நம் விரல்களுக்குக் கற்றுத்தந்திருக்கும் பழக்கத்தோடு அது மட்டை இணைக்கிறது. தவறினாலும் எதையும் அழிப்பதில்லை. வேறு எந்த விசையின் பொருளையும் பறிப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது இரண்டெழுத்து விசைகளில். விம் எடிட்டரில் பழகியவர்கள் பட்டியலின் தொடக்கத்துக்குச் செல்ல ‘ஜி’யை இருமுறை அழுத்த விரும்புவார்கள். ஆனால் மட்டில் ஒற்றை ‘ஜி’ ஏற்கெனவே ‘எல்லாருக்கும் பதில் எழுது’ என்பதற்கு உரியது. ஒரு எழுத்து தானே ஒரு கட்டளையாகவும், மற்றொரு கட்டளையின் முதலெழுத்தாகவும் ஒரே திரையில் இருக்க முடியாது என்பதால், முதலில் ‘ஜி’யை ‘நூப்’ என்ற வெற்றுச் செயலோடு பிணைத்து விடுவித்த பிறகே இரட்டை ‘ஜி’யைப் பிணைக்க வேண்டும். நியோமட் இத்தகைய மோதலைக் கண்டால் எச்சரிக்கை தருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே விசைகளை நிறைய மாற்ற எண்ணுபவர் மட்டைவிட நியோமட்டை எடுத்துக்கொள்வது நல்லது என்பேன். விடுவிக்கப்பட்ட ‘எல்லாருக்கும் பதில்’ எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு வேறு விசை தர வேண்டும். அந்த விசையில் ஏற்கெனவே இருந்த செயலுக்கு மற்றொரு விசை தர வேண்டும். ஒரு விசையை நகர்த்தப் போய் நான்கை நகர்த்தும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

மேக்ரோக்கள் இதைவிட ஆழமானவை. பல செயல்களை ஒரே விசையில் கோக்கும் இந்த வசதிதான் மட்டின் உண்மையான வலிமை. கவனமில்லாதவருக்கு உண்மையான ஆபத்தும் இதுவே. என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். முடிந்த கடிதங்களைப் பழையவற்றுக்கான கோப்புறைக்கு அனுப்ப ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். கோப்புறையின் பெயர் ‘ஓல்ட்’. ஆங்கிலத்தில் ஓ, எல், டி என்ற மூன்று எழுத்துகள். மேக்ரோவில் நான் எழுதியிருந்தது வெறும் விசை வரிசை: சேமிப்பதற்கான ‘எஸ்’, அஞ்சல் கோப்புறைகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் சமக்குறி, அந்த மூன்று எழுத்துகள், பிறகு இருமுறை என்டர். இரண்டாவது என்டர், கோப்புறையில் சேர்க்கவா என்று மட் கேட்கும் கேள்விக்கான ஆம். பல மாதங்கள் இது ஒழுங்காக வேலை செய்தது. பிறகொரு நாள், மாற்றங்களை அஞ்சல் பெட்டியில் எழுதும் செயல் டாலர் குறியில் இருப்பது எட்டவில்லை என்று கருதி, அதை ‘எஸ்’ விசைக்கு மாற்றினேன்.

அதன் பிறகு மேக்ரோவை அழுத்தியபோது நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் விளங்கும். ‘எஸ்’ பெட்டியில் மாற்றங்களை எழுதிற்று. கோப்புறைப் பெயரின் பகுதியாக நான் எழுதிய சமக்குறி இப்போது தனிக் கட்டளையாகிப் பட்டியலின் முதல் கடிதத்துக்குத் தாவிற்று. ‘ஓ’ வரிசைப்படுத்தும் கேள்வியைத் திறந்தது. ‘எல்’ அதற்கு விடையாகிச் சிட்டைப்படி (லேபிள்) வரிசைப்படுத்தச் சொல்லிற்று. ‘டி’ அந்த முதல் கடிதத்தை நீக்குவதற்குக் குறித்துவிட்டது. என்டர் அடுத்த கடிதத்தைத் திறந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டதால் பட்டியல் ஏதோ கலைந்திருப்பது மட்டுமே கண்ணில் பட்டது. மீண்டும் மீண்டும் அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் குறிக்கப்பட்டது. இறுதியில் நீக்கவா என்று மட் கேட்டபோது பழக்கத்தில் ஆம் சொல்லிவிட்டேன். நிரல் தன் பங்குக்கு எச்சரித்தே இருந்தது. பிழை முழுக்க என்னுடையது.

இதற்கான மருந்து மட்டின் கையேட்டிலேயே இருக்கிறது: மேக்ரோவில் விசையின் எழுத்தை எழுதாமல், கோண அடைப்புக்குள் செயலின் பெயரை எழுத வேண்டும். ‘எஸ்’ என்பதற்குப் பதில் ‘சேவ் மெசேஜ்’ என்ற செயற்பெயரை எழுதியிருந்தால், ‘எஸ்’ விசைக்கு நான் எந்தப் பொருள் கொடுத்திருந்தாலும் மேக்ரோ பிழைத்திருக்கும். பிறர் வெளியிட்டிருக்கும் அமைவுக் கோப்பை எடுத்தாள விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மேக்ரோக்கள் செயற்பெயர்களால் எழுதப்பட்டிருந்தால் எழுதியவர் விவரம் அறிந்தவர். வெறும் எழுத்துகளாக இருந்தால், அவருடைய மற்ற எல்லா மாற்றங்களும் உடன் வந்தால் மட்டுமே அது வேலை செய்யும்.

இது நம்மை மூன்றாவது வழிக்குக் கொண்டுவருகிறது. நியோமட்டோடு விம் பாணி விசைத் தொகுப்பு ஒன்று துணைக்கோப்பாகவே வருகிறது. அதை ஒரே வரியில் இணைத்துக்கொள்ளலாம். விம்மில் ஊறியவர்களுக்கு இது மிகவும் வசதியாகத் தோன்றும். நானும் அதைச் சில வாரங்கள் பயன்படுத்தினேன். எனினும் கடிதம் என்பது தொகுக்கப்படும் உரையன்று. விம்மில் ஒரு வரியை அழித்தால் ‘யு’வை அழுத்தி மீட்கலாம், எத்தனை படிகளும் பின்னால் செல்லலாம். மட்டிலும் நீக்கக் குறித்த கடிதத்தை ‘யு’ மீட்டுத் தரும். ஆனால் பெட்டியில் மாற்றங்களை எழுதிய பிறகு மீட்பு இல்லை. அனுப்பிய கடிதத்துக்கோ எந்தப் படியிலும் மீட்பே இல்லை. உருவம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருக்கும் விசைகள் கையில் போலியான நம்பிக்கையை வளர்க்கின்றன. எனவே நகர்வுக்கான விசைகளில் மட்டும் விம் பாணியை ஏற்று, நீக்கும், பதில் எழுதும், அனுப்பும் விசைகளை மட்டின் இயல்பிலேயே விட்டுவைப்பதே என் தேர்வு.

ஏர்க் இளைய நிரல். ட்ரூ டிவால்ட் தொடங்கிய இது 2019இல் முதற்பதிப்பு கண்டது. விசைகளை மாற்றும் முறையில் மூன்றனுள் தெளிவானது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். எல்லா விசைகளும் ஒரே தனிக் கோப்பில், திரைவாரியான பகுதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. மட்டில் இயல்பான பிணைப்புகள் நிரலுக்குள் மறைந்திருக்க, அமைவுக் கோப்பில் நம் மாற்றங்கள் மட்டுமே தெரியும். ஏர்க்கில் இயல்பானவையும் கண்ணெதிரே கிடக்கின்றன. ஒவ்வொரு விசையும், விம்மில் போல முக்காற்புள்ளியில் தொடங்கும் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்வதற்குச் சமம். கட்டளையின் இறுதியில் என்டரைச் சேர்த்து எழுதினால் உடனே நடக்கும். சேர்க்காமல் இடைவெளியோடு விட்டால் கட்டளை வரி திறந்து, மீதியை நாம் எழுதக் காத்திருக்கும். தேடல் விசை இப்படித்தான் அமைந்திருக்கிறது. பிணைப்பு, மேக்ரோ என்ற வேறுபாடே இங்கு இல்லாததால், என் ‘ஓல்ட்’ கோப்புறைக்கு நேர்ந்தது ஏர்க்கில் எளிதில் நேராது.

மட்டில் நேரடியாக இல்லாத மற்றொரு நுட்பமும் இதில் உண்டு: குறிப்பிட்ட கணக்குக்கோ கோப்புறைக்கோ மட்டும் பொருந்தும் விசைகளை எழுதலாம். வரைவுக் கோப்புறையில் என்டரை அழுத்தினால் கடிதத்தைப் படிக்கத் திறக்காமல் தொடர்ந்து எழுதத் திறக்குமாறு அமைப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மட்டில் இதைச் செய்யக் கோப்புறைக்குள் நுழையும்போது தாமாக இயங்கும் ‘கொக்கி’ (ஹூக்) என்னும் கட்டளைகளை எழுதி, வெளியேறும்போது பழையபடி மாற்றவும் மறவாதிருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. ஒன்று, மட் நிரலும் அல்பைனும் நீக்கும் கட்டளையைக் குறியாக மட்டுமே வைத்திருந்து பிறகு அழிக்கின்றன. ஏர்க், கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும் ஐமேப் வகைக் கணக்கில் உடனே அழித்துவிடுகிறது. இயல்பமைப்பில் சிறிய ‘டி’ உறுதி கேட்டு நீக்கும், பெரிய ‘டி’ கேட்காமலே நீக்கும். கேள்வி தொல்லையாக இருக்கிறது என்று சிறிய ‘டி’யின் உறுதிப்பாட்டை எடுத்துவிடுபவர்கள், மட்டில் தங்களுக்கு இருந்த பாதுகாப்பு இங்கே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மற்றொன்று, ஏர்க்கில் கடிதம் எழுதும் எடிட்டர் ஏர்க்கின் திரைக்குள்ளேயே இயங்குகிறது. ஆகவே ஏர்க் தனக்கு எடுத்துக்கொள்ளும் விசைகள் எடிட்டரைச் சென்றடைவதில்லை. விம்மில் சொல்லை நிரப்பக் கன்ட்ரோலோடு ‘என்’ அல்லது ‘பி’யை அழுத்துபவர்கள், சொல் நிரம்புவதற்குப் பதிலாகப் பக்கத்துத் தாவல் திறப்பதைக் காண்பார்கள். எழுதும் திரைக்கான பகுதியில் அவ்விரு வரிகளை நீக்கிவிட்டு, தாவல் மாற்ற வேறு விசை கொடுப்பதுதான் ஏர்க்கில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம்.

இனித் தமிழில் கடிதம் எழுதுவோரின் நிலை. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது ‘ஜே’ விசை ‘ப’வையும், ‘கே’ விசை ‘ம’வையும், ‘டி’ விசை ‘உ’வையும் தருகின்றன. கடிதத்தை எழுதி முடித்துப் பட்டியலுக்குத் திரும்பியவர் விசைப்பலகையை மாற்ற மறந்தால், மட் அந்த விசை எதனோடும் பிணைக்கப்படவில்லை என்று மட்டும் சொல்லும். இதற்கு மூன்று தீர்வுகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அல்பைனின் எஃப் விசை அமைப்பு இங்கே உண்மையாகவே உதவுகிறது. எந்த மொழியின் விசைப்பலகை இயங்கினாலும் எஃப் விசைகளும் அம்புக்குறிகளும் மாறுவதில்லை, திரையின் அடியில் அவற்றின் பெயர்களும் தெரிகின்றன. மட்டில் அடிக்கடி தேவைப்படும் ஐந்தாறு செயல்களை எஃப் விசைகளோடு கூடுதலாகப் பிணைத்துக்கொள்ளலாம். எழுத்து விசைகளை அகற்ற வேண்டியதில்லை. லினக்ஸ் கணினிகளில் காணப்படும் க்னோம் முனையத்தில் எஃப்1, எஃப்10, எஃப்11 ஆகிய மூன்றையும் முனையமே எடுத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரு விசையை மட் எப்படிப் பெறுகிறது என்ற ஐயம் எழுந்தால் ‘வாட் கீ’ என்ற செயல் அதைக் காட்டிவிடும்.

மூன்றாவது தீர்வே எனக்கு நிலைத்தது: தமிழை இயக்கமுறைமையில் இயக்காமல் எடிட்டருக்குள் மட்டும் இயக்குவது. ஈமாக்ஸ் எடிட்டரில் தமிழுக்கான உள்ளீட்டு முறைகள் உடனே கிடைக்கின்றன. எடிட்டரை மூடியவுடன் விசைகள் தாமாகவே ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்கும். மின்னஞ்சல் நிரலின் எந்த விசையையும் தொடாமல் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. அதே சமயம், மட்டின் மேக்ரோவுக்குத் தரும் விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். கேள்விக்குறி விசையை அழுத்தினால் விரியும் உதவிப் பக்கத்தில் அது தமிழிலேயே தெரியும். ஏர்க்கில் அனுப்புவதற்கு முந்திய திரையின் விசைகளுக்கு அருகே எழுதும் குறிப்புகளும் அவ்வாறே திரையில் வருகின்றன. பல முனையங்கள் உயிர்மெய்க் குறிகளைச் சரியான இடத்தில் வைப்பதில்லை என்பதால் வரிகள் சற்று விலகித் தெரியலாம். ஆயினும் ‘அனுப்பு’ என்ற சொல் ‘ஒய்’ விசைக்கு அருகில் இருப்பது, வீட்டில் பெற்றோருக்கு இந்த நிரலை அமைத்துத் தருபவருக்குப் பெரிய உதவி.

ஆக, பிறரோடு ஒரே கணினியைப் பகிர்பவர்களுக்கும், தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு உதவ வேண்டியவர்களுக்கும் அல்பைனை மாற்றமின்றிப் பரிந்துரைப்பேன். பல கணக்குகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வேறு ஒழுங்கை விரும்புபவருக்கு ஏர்க் பொருந்தும். மடற்குழுக்களின் நீண்ட இழைகளைக் கையாள்பவருக்கு நியோமட்; அதில் முழுத் தொகுப்பை மாற்றாமல், இயல்பமைப்போடு இரண்டு வாரங்கள் வேலை செய்து, எந்த விசையில் கை தடுமாறுகிறது என்பதைக் குறித்து வைத்த பிறகு அந்த விசையை மட்டும் மாற்ற வேண்டும்.

என் அமைவுக் கோப்பில் இன்று பதினொரு மாற்றங்கள் இருக்கின்றன. அம்புக்குறிகள் இரண்டு, பட்டியலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஹோம், எண்ட் விசைகள், செயற்பெயர்களால் திருத்தி எழுதிய பழைய கோப்புறை மேக்ரோ, எஃப் விசைகளில் ஐந்து. பதினொன்றாவது, ‘ஜி’யை வெற்றுச் செயலாக்கி, ‘எல்லாருக்கும் பதில்’ என்பதை எஸ்கேப் விசையோடு சேர்த்து ‘ஜி’யை அழுத்தினால் மட்டுமே நடக்குமாறு தள்ளி வைத்தது. மற்ற பத்தும் கையை எளிதாக்குவதற்காகச் செய்தவை. இந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கடினமாக்கினேன்.